வெட்டத் தெரிந்தவர்களுக்கு மூடத் தெரியாதா?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிற யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். முன்னால் வரும் பஸ்ஸைப் பார்ப்பதை விட, இன்றைக்கு எங்கே புதிதாக வீதியை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் அவருக்குக் கண் முழுக்க. வழுவழுவென்று தார் போட்ட காப்பெற் வீதியாம்! அம்மி கொத்தின மாதிரி இருக்கிறது.

இது ஏதோ ஒழுங்கையைப் பற்றிய கதை இல்லை. ஏ4 வீதி. கொழும்பில் ஹைலெவல் வீதி என்று தொடங்கி, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று சுமார் 430 கிலோமீற்றர் சுற்றி வந்து மட்டக்களப்பில் முடிகிற வீதி. நாட்டிலேயே ஆக நீளமானது இதுதான். இதே ஏ4 இல்தான் கொட்டாவையும் இருக்கிறது. நாட்டின் முதலாவது அதிவேகப் பாதையை 2011 நவம்பரில் அங்கிருந்துதான் காலிக்குத் திறந்தார்கள். 2014 இல் அது மாத்தறைக்குப் போனது, 2020 இல் அம்பாந்தோட்டைக்குப் போனது. அங்கே கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் வாகனம் நின்றுபோனால் 1969 என்று ஒரு இலக்கத்துக்கு அடிக்கலாம். பாதைக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்கிறார் என்றாவது தெரியும்.

எங்களுக்கு அதிவேகப் பாதை வேண்டாம் ஐயா. நூறில் ஓடுகிற ஆசையும் இல்லை. நாற்பதில் போகிறவன் விழாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும். வருசா வருசம் வாகன வரிப்பத்திரம் எடுக்கிறோம், அதில் ஒரு நாள் பிந்தினாலும் தண்டம் கட்டுகிறோம். ஹெல்மட் பட்டி இறுகவில்லை என்றால் சந்தியில் மறிக்கிறார்கள். வீதி இறுகவில்லை என்றால் யாரை மறிப்பது?

கட்டித் தருவதில் குறை சொல்ல மாட்டேன், அது நடந்துதான் இருக்கிறது. 1924 இல் வெள்ளைக்காரன் கட்டிய கல்லடி இரும்புப் பாலம், ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம், ஒரு வாகனம் போகிற அகலம்தான். அந்தப் பக்கம் வருகிறவர்கள் வந்து முடியும் வரைக்கும் இந்தப் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. அப்படி நின்றே பள்ளிக்கூடம் பிந்தின தலைமுறைகள் இந்த ஊரில் உண்டு. 2013 இல்தான் பக்கத்தில் ஜப்பான் உதவியோடு புதுப் பாலம் வந்தது. அடுத்த வருசம் மண்முனைப் பாலம் வந்தது, கொக்கட்டிச்சோலைக்குத் தோணிப்பாதையில் காத்திருந்த காலம் முடிந்தது. யுத்தம் முடிந்த பிறகு காப்பெற்றும் போட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, போட்ட புதிதில் களுவாஞ்சிக்குடிக்குப் போவதே ஒரு சுகமாக இருந்தது. காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்ச மரம் வைத்து அழகும் பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் வெட்டுகிறவர்கள் வந்தார்கள்.

தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வெட்டு. அது முடிந்து மண் காய முதல் தொலைபேசி வயருக்கு இன்னொரு வெட்டு. வீட்டு இணைப்புக்கு வீதியைக் குறுக்கே பிளந்து வேறொரு வெட்டு. வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை, குழாய்த் தண்ணீர் எனக்கும்தான் வேண்டும். ஆனால் வெட்டின கிடங்கை மூடுகிற முறை ஒன்று இருக்கிறது. கிறவல் மண்ணை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. கொஞ்சம் போட்டு, தண்ணீர் தெளித்து, இறுக்கி, அதற்கு மேல் அடுத்த தட்டுப் போட்டு, அதையும் இறுக்கி, கடைசியில்தான் தார் போட வேண்டும். இங்கே நடப்பது என்ன? தோண்டின அதே கடற்கரை மணலை உள்ளே தள்ளி, மேலே கொஞ்சம் கிறவல் தூவி, தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தின் சக்கரத்தால் இரண்டு தரம் ஏறி இறங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். தார் "பிறகு" வருமாம்.

எங்கள் வீதி ஓடுகிற இடத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மாரியில் மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். இறுகாத மணல் அப்படியே அமர்ந்துவிடும். பக்கத்தில் இருக்கிற நல்ல தாரும் அடியில் பிடிப்பில்லாமல் விளிம்பு விளிம்பாக உடையும். முழங்கை அகலத்துக்கு வெட்டினது இரண்டு மாரி முடிய ஓட்டோ இறங்குகிற கிடங்காகிவிடும். மழை வெள்ளம் மூடிவிட்டால் அது கிடங்கா, வெறும் தண்ணீரா என்று விழுந்த பிறகுதான் தெரியும். கராஜ் பாஸ்மாருக்கு நல்ல வருமானம், வேறு யாருக்கும் இல்லை.

சரி, யாரிடம் சொல்வது? எங்கள் வளவுக்கு முன்னால் இருக்கிற வெட்டைப் பற்றி முறைப்பாடு கொடுக்கப் போனேன். முதலில் போன இடத்தில், "தம்பி, ஏ தர வீதி எங்கட பொறுப்பில்லை, அது கொழும்புக்குக் கீழே" என்றார்கள். அடுத்த இடத்தில், "வீதி எங்கடதான் சேர், ஆனா வெட்டினது நாங்க இல்லையே. வெட்டினவங்களைக் கேளுங்க" என்றார்கள். வெட்டினவர்களின் அலுவலகத்தில் ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாக, "அது கொந்தராத்துக்காரர் செய்ய வேணும் அண்ணா" என்றது. கொந்தராத்துக்காரர் எங்கே? வேலை முடிந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாராம். ஏ தரம் மத்திய அரசுக்கு, சி தரம் மாகாணத்துக்கு, ஒழுங்கை பிரதேச சபைக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கிடங்குக்கு மட்டும் தரம் இல்லை போல.

அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப் போடுவதும், இரவில் நடுவீதியில் மாடு படுக்க விடுவதும் நாங்கள்தான். அதற்கு வேறொரு நாள் எங்களுக்கு நாங்களே ஏசலாம். ஆனால் மாடாவது ஹோர்ன் அடித்தால் எழும்பும்.

பாலம் திறக்கிறபோது கல்லில் பெயர் வெட்டுகிறார்கள் அல்லவா, திறந்தவர் யார், பணம் தந்தவர் யார், திகதி என்ன என்று? அதே மாதிரி ஒவ்வொரு வெட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தகரப் பலகை நடுங்கள். வெட்டினது யார், எந்தத் திகதிக்குள் தார் போட்டு மூடுவார், எந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். மூடும் வரைக்கும் கொந்தராத்துக்காரரின் கடைசிக் காசை விடாதீர்கள். மாரிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், பிறகு வந்து தண்ணீருக்குள் தார் ஊற்றி எங்களுக்குப் படம் காட்ட வேண்டாம்.