என் ஊரைப் படிக்கத்தான் போனேன், அதுல என்ன தப்பு?

ஞாயித்துக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் மண்டபத்துல நடந்ததைப் பத்தி எழுத வேணாம்னு மூணு நாளா பொறுத்துப் பாத்தேன், முடியல. வந்தவங்களுக்குத் தெரியும், வராதவங்களும் வாட்ஸப்புல வீடியோ பாத்திருப்பீங்க. பாராட்டு விழான்னு கூப்பிட்டு மேடையில நிக்க வச்சுட்டு, "நம்மளப் பத்தித் தெரிஞ்சுக்க வெள்ளைக்காரன்கிட்ட காசு கட்டிப் படிக்குது இந்தப் பொண்ணு"ன்னு மைக் பிடிச்சவர் சொன்னாரு, மண்டபமே சிரிச்சுது. எனக்கு முன்னாடி நின்ன தம்பியும் அதே ஜெர்மனிக்குத்தான் போறான், ஆட்டோமொபைல் படிக்க. அவனுக்கு சால்வை. இங்கயே சென்னைப் பக்கம் ஒரகடத்துல கார் செய்யறாங்களே, நீ ஏம்ப்பா அங்க போறேன்னு அவனை யாராவது கேட்டாங்களா?

நான் ஜெர்மனியில ஹைடல்பர்க் யுனிவர்சிட்டியில படிக்கிறது சவுத் ஏசியன் ஸ்டடீஸ், அதாவது தெற்காசியாவைப் பத்தின எம்.ஏ. தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்க நான் போகல. 1962ல இருந்து இருக்குற இன்ஸ்டிட்யூட் அது, வரலாறு, அரசியல், மொழின்னு இந்தப் பகுதி முழுசையும் ஒண்ணா வச்சுப் பாக்குற படிப்பு. என் பக்கத்துல உக்கார்றது லாகூர் பையன், பின்னாடி யாழ்ப்பாணத்து அக்கா. பிரிவினை பத்தின கிளாஸ்ல அவன் தாத்தா ஜலந்தர்ல விட்டுட்டு வந்த வீட்டைப் பத்தி அவன் சொல்லிக் கேட்டேன். கடலூர்ல இருந்துகிட்டு அவனை நான் எங்க பாத்திருப்பேன்?

இன்னொண்ணு சொல்லணும். காலேஜ் மூணு வருஷமும் பாண்டியில ரங்கப்பிள்ளை தெரு வழியாத்தான் நடந்தேன், பெரிய மார்க்கெட் போறப்பல்லாம் அந்தப் பழைய வீட்டைத் தாண்டித்தான் போவேன், அது யார் வீடுன்னு கேட்டதே இல்ல, யாரும் சொன்னதும் இல்ல. ஹைடல்பர்க் போய் முதல் செமஸ்டர்லதான் அந்த வீட்டுக்காரர் ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பை எடுத்துப் படிச்சேன். பாண்டியில பிரெஞ்சு கவர்னரா இருந்த டூப்ளேக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் எழுதி வச்சிருக்கார், அதுவும் அன்னைக்குப் பேசின தமிழ்ல. ராத்திரி ரூம்ல தனியா படிச்சுட்டு அழுதேன். எங்க கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையும் அப்படித்தான். 1690ல மராட்டியர்கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அதை வாங்கினப்ப, பீரங்கிக் குண்டு போய் விழற தூரம் வரைக்கும் நிலம் அவனுக்குன்னு பேச்சு. சின்ன வயசுல இருந்து சில்வர் பீச் போறேன், இது எனக்குத் தெரியாது. மேடையில சிரிச்சவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

"பாண்டி காலாப்பட்டு யுனிவர்சிட்டியிலயே இந்த எம்.ஏ இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. நல்ல இடம், நான் குறை சொல்லல. எனக்கு வெளிய நின்னு ஒரு தடவ நம்ம ஊரைப் பாக்கணும்னு இருந்துது, அவ்ளோதான். பாண்டி செயின்ட் லூயி தெருவுல பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கேன்னா, அங்க இருக்குற சைவ ஓலைச்சுவடிகளை 2005ல யுனெஸ்கோவே பதிவு பண்ணியிருக்கு, ஆனா அது ஆராய்ச்சி நிறுவனம், நான் தேடினது டிகிரி. வேலை கிடைக்குமான்னா, தெரியல. இன்ஜினியரிங் முடிச்ச எல்லாருக்கும் கிடைச்சுதா என்ன?

காசு பத்தி மட்டும் பேசாதீங்க. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்ல, அதாவது அங்க செலவுக்குன்னு முன்னாடியே போட்டு வைக்கிற கணக்குல, 11,904 யூரோ காட்டணும், அது போக செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ். அப்பா முதுநகர்ல ஒரு ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதறவர். லோன் கேக்கப் போன இடத்துல இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் வரும்னு மூணு தடவ கேட்டு அனுப்பினாங்க, கடைசியில அம்மா வளையல்தான் போச்சு. அந்த வளையல் போன கதை மைக் பிடிச்சவருக்கு நல்லாவே தெரியும். எங்க வீட்டுல எத்தனையோ நாள் சாப்பிட்டவர், நான் மாமான்னு கூப்பிட்டு வளந்தவர். வேற யார் சொல்லியிருந்தாலும் இப்படி வலிச்சிருக்காது. படிப்புப் பிடிக்கலைன்னா என்னைத் தனியா கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே மாமா, நான் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேனே. பொண்ணு, அதுவும் கணக்குப்பிள்ளை பொண்ணுங்கறதாலதான அவ்ளோ ஈஸியா வந்துது உங்களுக்கு?

அந்த வீடியோவை இன்னும் ஃபார்வர்டு பண்ணிட்டு இருக்கவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. அதுல ரெண்டாவது வரிசையில, எல்லாரும் சிரிக்கறப்ப தலையைக் குனிஞ்சுகிட்டு உக்காந்திருக்கறது எங்க அம்மா.