சாவி ஓர் ஓவியர் கையில் இருந்த காலம்

அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போகும் ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததால், கோலாலம்பூர் ஸ்டேசனுக்கு எதிரே இருந்த பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது அதுதான் தேசிய ஓவியக்கூடம். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். "போட்டுக்கிட்டே வாங்கண்ணே" என்று காவலாளி தமிழில் சொன்ன பிறகுதான் மறுபடி மாட்டிக்கொண்டார்.

உள்ளே ஓர் ஓவியத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். முக்கோணம் முக்கோணமாக நிறங்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. "லேடாங் மலைடா இது. எங்க தோட்டத்துல இருந்து பாத்தா இப்படித்தான் தெரியும்." அப்பா ஜோகூரில், அந்த மலைக்குக் கிட்டே இருக்கும் தங்காக் பக்கத்தில் பிறந்தவர்.

அதை வரைந்த மூவார்காரர் சையத் அகமது ஜமால்தான் அப்போது அந்தக் கூடத்துக்கே இயக்குநர் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1983இலிருந்து 1991வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1958இல் ஜாலான் அம்பாங்கில், அன்பளிப்பாக வந்த நான்கே நான்கு ஓவியங்களோடு முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் காலத்தில் தொடங்கிய கூடம் அது. 1984இல் மெஜஸ்டிக்குக்கு மாறியது அவர் காலத்தில்தான்.

1932இல் கட்டிய ஹோட்டல் அது. ஆட்கள் தூங்குவதற்குப் போட்ட அறைகளில் ஓவியங்களை மாட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேன்வாஸில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்க்க வேண்டும், எதை வாங்குவது எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும், பட்ஜெட்டுக்காக மேலே இருப்பவர்களிடம் பேச வேண்டும், இத்தனைக்கும் நடுவே தன் தூரிகையையும் காயவிடக்கூடாது. பல வருடம் ஆசிரியர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர் என்பதால், படம் பார்க்கத் தெரியாமல் உள்ளே வருகிறவனை அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கலைக்கூடம் பெரிதாகும் காலத்தில்தான் ஓவியம் தெரிந்தவர் தலைமையில் இருக்க வேண்டும். கணக்கு வழக்குக்கும் கட்டட வேலைக்கும் கெட்டிக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஈரம் பட்டு நிறம் உரியும் ஓர் ஓவியத்தைப் பார்த்ததும் வயிறு பதற வேண்டும், அதைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது. அப்புறம், அப்படி ஒருவர் கிடைத்தால் எட்டு வருடமாவது அவரை விட்டுவைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் மாற்றினால், சேமிப்பறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே நேரம் சரியாகிவிடும்.

1998இல் கூடம் தித்திவங்சா ஏரிப் பக்கம், இன்னும் பெரிய கட்டடத்துக்குப் போனது. நல்லது, இடம் வேண்டும்தான். ஆனால் 2016இல், அதே சையத் அகமது ஜமால் இந்த நகரத்தின் நடுவில் செய்து வைத்த 'புஞ்சாக் பூர்ணாமா' சிற்பத்தை இடித்துத் தள்ளினார்கள். அவர் இறந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. செய்தியைப் படித்துக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மலைப் படம் பத்திரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.