ஐந்து நட்சத்திரம் சரி, உங்க ஆட்டத்துக்கு ஆவானா?

டிசம்பர் பிறந்தால் போதும், அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பார்க்கிற நம்ம ஆட்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே பட்டாசுதான். "ஃபைவ் ஸ்டார் குவாட்டர்பேக் கையெழுத்துப் போட்டுட்டான்டா, இனி நம்ம ராஜ்ஜியம்தான்!" (குவாட்டர்பேக் என்றால் பந்தை வாங்கி, எறிவதா ஓடுவதா என்று ஆட்டத்தை நடத்துகிறவன்; ஃபைவ் ஸ்டார் என்பது பள்ளி வீரர்களுக்குக் கொடுக்கிற உச்ச மதிப்பு.) பையன் ஆறரை அடி, நின்ற இடத்திலிருந்து அறுபது யார்டு எறிவான், யூடியூபில் ஹைலைட்ஸ் பார்த்தீங்களா... சரி ஐயா, பார்த்தாச்சு. அவனை வைத்து என்ன ஆட்டம் ஆடப் போறீங்க? அதை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

என் கட்சி இதுதான். குவாட்டர்பேக்குக்குத் தனியாக விலை கிடையாது. எந்த ஆட்டத்துக்கு என்று சொன்னால்தான் விலை சொல்ல முடியும். அதிலும் பணமும் பெயரும் குறைந்த கல்லூரிகள் ஊரோடு ஒத்துப் போகிற ஆட்டத்தை ஆடவே கூடாது. யாரும் ஆடாத ஒன்றை ஆட வேண்டும். அப்போதுதான் பெரிய இடத்துக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பையன் இவர்களிடம் ராஜாவாக இருப்பான்.

அமெரிக்க ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லில் டிராஃப்ட் உண்டு, அதாவது அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும், போன வருஷம் தோற்றவன் முதலில் எடுப்பான். கல்லூரியில் அதெல்லாம் இல்லை. கோச் பையன் வீட்டுக்கே போய், வரவேற்பறையில் உட்கார்ந்து, அம்மாவிடம் நல்ல பெயர் வாங்கி, ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்து வர வேண்டும். ஒரு கோச் எறிந்தே ஆடுவார், இன்னொருவர் ஓடியே ஆடுவார். அந்த ஆட்டம் பிடிபடாத பையனைக் கூட்டி வந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

இதற்கு மிச்சிகன் 2008-ஐ விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கோச் லாயிட் கார் ஓய்வு பெற்றார். வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து ரிச் ரோட்ரிகஸ் வந்தார். அவருடைய ஸ்பிரெட் ஆப்ஷனில் (ஆட்களை அகலமாக விரித்து நிறுத்தி ஓட இடம் உண்டாக்குகிற ஆட்டம்) குவாட்டர்பேக் முதலில் ஓடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அங்கே பாட் வைட் என்ற மின்னல் வேகப் பையனை வைத்து நாட்டையே கலக்கியவர். மிச்சிகனில் அவருக்காகக் காத்திருந்ததோ ரயன் மாலெட். ஆறடி ஆறு அங்குலத்துக்கு மேல் உயரம், அசாத்தியமான கை, ஓடச் சொன்னால் மட்டும் பரிதாபம். மாலெட் யோசிக்கவே இல்லை, ஆர்கன்சாவில் கோச் பாபி பெட்ரினோவிடம் போய்விட்டார். ரோட்ரிகஸ் ஆசைப்பட்ட டெரெல் பிரையர், பென்சில்வேனியாப் பையன், ஓடுவான், எறிவான், எல்லாம் செய்வான். மார்ச் மாதம் அவன் மிச்சிகனின் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் என்று அறிவித்தான். மிச்சிகன்காரர்களுக்கு இதை விடப் பெரிய வயிற்றெரிச்சல் உண்டா!

கையில் மிஞ்சியது ஸ்டீவன் திரெட்டும், ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாகச் சேர்ந்த நிக் ஷெரிடனும். இரண்டு பேரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஓட முடியாதவர்களை ஓட்டப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 3 வெற்றி, 9 தோல்வி. 1967-க்குப் பிறகு முதல் தோல்விப் பருவம். 33 வருஷம் விடாமல் பவுல் ஆட்டத்துக்கு (பருவக் கடைசியில் நல்ல அணிகளை அழைத்து நடத்துகிற ஆட்டம்) போன கல்லூரி அந்த வருஷம் வீட்டில் உட்கார்ந்தது. டொலிடோவிடம் சொந்த மைதானத்தில் 13-10 என்று தோற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் விதியின் குறும்பு ஒன்று இருக்கிறது. 2011 ஜனவரி 4, நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல். ஒரு பக்கம் மிச்சிகனை விட்டுப் போன மாலெட், எதிர்ப்பக்கம் மிச்சிகனுக்கு வராத பிரையர். ஒஹாயோ ஸ்டேட் 31-26 என்று ஜெயித்தது (வீரர்கள் விதி மீறியதால் அந்த வெற்றி பிறகு ரத்தானது தனிக்கதை). மறுநாள், ஜனவரி 5, மிச்சிகன் ரோட்ரிகஸை வேலையை விட்டு அனுப்பியது. மாலெட் 2023-ல் கடலில் மூழ்கி இறந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த சுகர் பவுல்தான்.

நியாயமாக ரோட்ரிகஸ் பக்கமும் பேச வேண்டும். தனக்கு ஏற்ற ஆளைத் தேடி ஃப்ளோரிடாவின் டீர்ஃபீல்டு பீச்சிலிருந்து டெனார்ட் ராபின்சனைக் கூட்டி வந்தார். ஷூ லேஸ் கட்டாமலே ஓடுகிற பையன், பட்டப்பெயரே 'ஷூலேஸ்'. 2010-ல் நோட்ர டேம் மைதானத்தில் 258 யார்டு ஓடி, 244 யார்டு எறிந்து, கடைசி நிமிடத்தில் தானே ஓடி டச்டவுன் (பந்தை எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) வைத்து 28-24 என்று முடித்தான். அந்தப் பருவத்தில் 1,702 யார்டு ஓடினான், அப்போது குவாட்டர்பேக்குகளில் அதுதான் என்.சி.ஏ.ஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) சாதனை. சரியான பூட்டுக்குச் சரியான சாவி. ஆனால் மிச்சிகனின் டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டம், அந்த வருஷம் ஓட்டைப் பானை, ரோட்ரிகஸுக்குத் தவணையும் முடிந்துவிட்டது.

"புது ஆட்டமுறை வேரூன்ற மூன்று வருஷம் ஆகும்" என்று ஒரு சால்ஜாப்பு இருக்கிறதே, அதை நான் நம்புவதில்லை. அதே 2008-ல் ஜார்ஜியா டெக்குக்கு பால் ஜான்சன் வந்தார், கடற்படை அகாடமியான நேவியில் ஆடிய ட்ரிபிள் ஆப்ஷன் என்ற ஓட்ட ஆட்டத்தை அப்படியே கொண்டு வந்தார். முந்தைய கோச் சான் கெய்லி சேர்த்து வைத்திருந்த அணியில் ஜாஷ் நெஸ்பிட் என்ற பையன் இருந்தான், உடம்பில் வலு, காலில் வேகம். வருஷக் கடைசியில் 9-4. ஏழு வருஷமாகத் தங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்த ஜார்ஜியாவை அவர்கள் ஊரிலேயே 45-42 என்று சாய்த்தார்கள். எதிரே ஜார்ஜியாவின் குவாட்டர்பேக் யார்? மாத்யூ ஸ்டாஃபர்ட், அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர். ஓடியே ஆடுகிற ஜான்சனிடம், எறிந்தே பெயர் வாங்கிய ஸ்டாஃபர்டைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

அந்த ஆட்டத்தில் குவாட்டர்பேக்கின் வேலையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பந்தைப் பின்னால் கொடுக்கிற சென்டரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து பந்தை வாங்குகிறான். வாங்கிய கையோடு, நடுவில் பாய்ந்து ஓடுகிற ஃபுல்பேக்கின் வயிற்றில் பந்தை வைக்கிறான், ஆனால் விடவில்லை. கண் மட்டும் ஓரத்தில் நிற்கிற எதிரணித் தடுப்பாளன், டிஃபென்சிவ் எண்டு மேல். அந்த ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அவன் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும், வெளியே நின்றுவிட்டால் பந்தை ஃபுல்பேக்கிடமே விட்டுவிட வேண்டும். உருவி ஓடினால் அடுத்து இன்னொருவன் வருவான். அவன் நம்மைப் பிடிக்க வந்தால் பக்கத்தில் ஓடி வருகிற ஆளுக்குப் பந்தைத் தூக்கிப் போட வேண்டும், வராவிட்டால் நாமே வைத்துக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு முடிவும் கண் மூடித் திறப்பதற்குள், அதுவும் இருநூற்றைம்பது பவுண்டு ஆள் மேலே விழப் போகிறான் என்று தெரிந்துகொண்டே. இதற்கு அறுபது யார்டு எறிகிற கை எதற்கு?

நேவியின் குவாட்டர்பேக் கீனன் ரெனால்ட்ஸைப் பாருங்கள். ஆறடிகூட இல்லை. படித்து முடித்தால் ராணுவ சேவை என்று ஒப்புக்கொண்டு சேர வேண்டிய அகாடமி அது, என்.எஃப்.எல் கனவில் இருக்கிற ஃபைவ் ஸ்டார் பையன் எட்டிப் பார்ப்பானா? ரெனால்ட்ஸ் போனான். நான்கு வருஷத்தில் ஓடியே 88 டச்டவுன், பரம எதிரியான ராணுவ அகாடமி ஆர்மியோடு ஆடிய நான்கிலும் வெற்றி. மற்ற ஊர் கோச்சின் பட்டியலில் இவனுக்கு இடமே இருந்திருக்காது. என் வாதமே இந்த இடம்தான்: ஆட்டமுறை மாறினால் சந்தை விலை மாறும்.

டெக்சாஸ் டெக் கோச் மைக் லீச் இதையே தலைகீழாகச் செய்தார். டெக்சாஸ் டெக் இருப்பது லபக்கில், பருத்தியும் புழுதிக் காற்றுமான ஊர். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஓக்லஹோமாவும் அள்ளிக்கொண்ட மிச்சத்தில்தான் அவர் ஆள் எடுக்க வேண்டும். அதனால் ஏர் ரெய்ட் என்ற ஆட்டமுறை: உத்திகள் கொஞ்சம், பயிற்சி ஏராளம், எந்நேரமும் எறிதல். பீரங்கிக் கை அவருக்குத் தேவையில்லை. குறி தவறாத கையும், எவன் காலியாக நிற்கிறான் என்று சட்டென்று பார்க்கிற கண்ணும் போதும். பையன்கள் நாலு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்து ஐந்தாவது வருஷம் இறங்கினார்கள். பி.ஜே. சைமன்ஸ் அப்படித்தான் 2003-ல் இறங்கி 5,833 யார்டு எறிந்தார், அன்றைக்கு அது தேசிய சாதனை. அடுத்த வருஷம் சானி கம்பி, வாக்-ஆன். அவரும் எறிந்து தள்ளினார். பெயர் மாறியது, இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

இதற்கு ஒரு நண்பர் சொல்கிற பதில் லமார் ஜாக்சன், லூயிவில் கல்லூரியின் குவாட்டர்பேக். "நல்ல கோச்சு ஆளுக்கேத்த மாதிரி ஆட்டத்தை மாத்திப்பாரு, லூயிவில்ல பெட்ரினோ மாத்தலையா?" உண்மைதான். மாலெட்டைப் பாக்கெட்டில் (தடுப்பாளர்கள் அமைக்கிற காவல் வளையம்) நிற்க வைத்து எறிய விட்ட அதே பெட்ரினோ, ஜாக்சனைக் குவாட்டர்பேக்காக மட்டுமே ஆட வைப்பதாக அவர் அம்மாவிடம் வாக்குக் கொடுத்து, தன் ஆட்டத்தையே வளைத்தார். 2016-ல் எறிந்து 30, ஓடி 21 டச்டவுன், கல்லூரியின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. ஆனால் லமார் ஜாக்சன் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பிறப்பார்? அவருக்காக ஆட்டத்தை மாற்றலாம். சாதாரண ஃபைவ் ஸ்டாருக்கெல்லாம் மாற்றினால், அவன் போன பிறகு மிச்சமிருக்கிற அத்தனை பேரும் எந்த ஆட்டம் ஆடுவது? ஜார்ஜியா டெக்கே 2018 பருவத்தோடு ஜான்சன் ஓய்வு பெற்றதும் ஆப்ஷனைக் கைவிட்டது. அடுத்த வருஷக் கணக்கும் 3-9.

இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் காலம், அதாவது கல்லூரி மாற விரும்புகிற வீரர்கள் பெயர் பதிகிற பட்டியல். 2021-லிருந்து ஒரு வருஷம் சும்மா உட்காராமலே கல்லூரி மாறலாம், பெயரை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். சின்னக் கல்லூரி கண்டுபிடித்த பையனைப் பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போகிறது. அதனால் என் வாதம் காலாவதி ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குவாட்டர்பேக் கேம் வார்டு கதையைப் பாருங்கள். டெக்சாஸில் அவர் படித்த பள்ளி ஆடியது விங்-டி என்ற பழங்கால ஓட்ட ஆட்டம், பந்தை எறிவதே அபூர்வம். நட்சத்திரம் பூஜ்யம். சான் அன்டோனியோவின் இன்கார்னேட் வேர்டு என்ற சின்னக் கல்லூரியின் கோச் எரிக் மோரிஸ் அவரை எடுத்தார். மோரிஸ் யார்? லபக்கில் லீச்சிடம் ரிசீவராக ஆடியவர். பள்ளியில் எத்தனை யார்டு எறிந்தான் என்று கணக்குப் பார்த்திருந்தால் வார்டைத் தொட்டிருக்கவே மாட்டார். 2022 பருவத்துக்கு மோரிஸ் வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போனார், வார்டும் போனார். பிறகு மயாமி, பிறகு 2025 டிராஃப்டில் முதல் ஆள்.

குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் தன் கோச் லிங்கன் ரைலியின் பின்னாலேயே ஓக்லஹோமாவிலிருந்து யு.எஸ்.சி போனார். குவாட்டர்பேக் ஊர் மாறுகிறான், ஆட்டத்தை விடுவதில்லை. அதனால் ஆயிரம் இரண்டாயிரம் என்று நன்கொடை திரட்டுகிற ரசிகர் மன்றத்துக்காரர்களுக்கு நான் சொல்வது: முதலில் ஆட்டத்தை வகுக்கிற அஃபென்சிவ் கோஆர்டினேட்டரைக் கட்டிப்போடுங்க, பையனுக்கான செக்கை அப்புறம் எழுதலாம். மோரிஸ் பிறகு கோச்சாகப் போன நார்த் டெக்சாஸ் என்ன ஆனது என்று பார்த்தீங்களா? ஹைஸ்கூலில் முதன்மைக் குவாட்டர்பேக்காகக்கூட ஆடாத ட்ரூ மெஸ்டெமேக்கரை வாக்-ஆனாகச் சேர்த்துப் பெரிய ஆளாக்கியதும் இதே மோரிஸ்தான். 2025 பருவக் கடைசியில் மோரிஸை ஓக்லஹோமா ஸ்டேட் அழைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் மெஸ்டெமேக்கரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.