போர் விமானத்தின் சூட்டில் வந்ததா அந்த 40.3?

பிரிட்டனின் 2022 ஜூலை சாதனையான 40.3 டிகிரி, விமானப்படைத் தளத்தில் ஜெட் புகையால் வந்த பொய்க்கணக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த அளவு பதிவான இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி ஒரு விமானப்படைத் தளம் என்பது உண்மை. ஆனால் அதே ஜூலை 19 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் 40.2, கியூ தாவரவியல் பூங்காவில் 40.1. அங்கே எந்த ஜெட் நின்றது? 2019இல் கேம்பிரிட்ஜ் தொட்ட பழைய சாதனை 38.7; 2022 ஜூலை 19 அன்று ஒரே நாளில் 40க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதைத் தாண்டின. கோனிங்ஸ்பியைத் தூக்கிப் போட்டாலும் சாதனை நிற்கும்.

இன்னொன்று, தெர்மாமீட்டரை ஓடுபாதைத் தார்மேல் வைப்பதில்லை. புல்தரைக்கு மேலே 1.25 மீட்டர் உயரத்தில், காற்று புகும்படி சாய்த்த பலகைகள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும்.

சரி, அந்தச் சாதனையை ஏற்கும் எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு பண்ணியிருக்கிறது. 2022 ஜூலையை "வரலாற்றிலேயே சூடான மாதம்" என்பது தவறு. நாள் சாதனை வேறு, மாதச் சராசரி வேறு. பிரிட்டன் முழுவதற்கும் சூடான மாதம் இன்னும் 2006 ஜூலைதான். நாள் சாதனையில், வேல்ஸில் ஹாவார்டன் 2022 ஜூலையில் 37.1 தொட்டது, அது அங்கே புதிய சாதனை. வட அயர்லாந்திலோ 2021இன் 31.3 அப்படியே இருக்கிறது. மழைக்கணக்கில்தான் 2022 ஜூலை நிஜமாகவே மோசம்: இங்கிலாந்துக்கு 1935க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஜூலை வந்ததில்லை.