முள்ளு நடுவுல நிக்கிறதால கியர்பாக்ஸ் சூடாகலன்னு அர்த்தம் இல்ல

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்திட்டு கெடக்கு, "தேரி மணல்ல மெதுவா உருட்டுனா வண்டி சூடாவாது, டெம்பரேச்சர் முள்ளு நடுவுல இருக்குதவரைக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் ஒண்ணும் ஆவாது"ன்னு. ரெண்டுமே தப்பு மக்கா.

குட்டம், திசையன்விளை பக்கம் சித்திர வெயில்ல அந்த தேரிச் செம்மணல்ல வண்டி நவுருததே பெரும்பாடு, டயர் புதையப் புதைய ஆக்சிலேட்டர மிதிச்சுட்டே இருக்கோம், இன்ஜின் நல்ல உழைக்கி ஆனா முன்னால இருந்து காத்து வராது, ரேடியேட்டருக்கு ஃபேன் ஒண்ணுதான் கதி. போதாக்கொறைக்கு ரேடியேட்டருக்கு முன்னால இருக்க ஏசி கண்டென்சர் சூடு வேற.

அந்த முள்ளு காட்டுதது கூலன்ட், அதாவது இன்ஜின ஆத்துத தண்ணியோட சூட்ட மட்டும்தான், அதுவும் நெறைய வண்டில கொஞ்சம் கூடக்கொறைய ஆனாலும் நடுவுலயே நிக்கித மாதிரிதான் செட் பண்ணிருப்பாங்க. கியர்பாக்ஸ் கத வேற. இன்ஜினயும் கியர்பாக்ஸயும் ஆயில் வழியா இணைக்கித டார்க் கன்வர்ட்டர்ல இன்ஜின் பக்கம் வேகமா சுத்தும், வீல் பக்கம் நவுராது, அந்த வித்தியாசம் பூராவும் ஆயில்ல சூடா எறங்கும். 120 டிகிரி தாண்டுனா ஆயில் வெரசா கெடும், கருத்து தீஞ்ச வாடை அடிக்கும். அது முள்ளுக்கு எப்படி தெரியும்?

4x4 வண்டின்னா மணல்ல லோ ரேஞ்ச் (மெதுவா, கூட இழுவையோட போவுத கியர்) போட்டு ஓட்டுங்க, கன்வர்ட்டர் வழுக்குதது கொறையும். சூடு ஏறுனா ஏசிய அமத்திட்டு நியூட்ரல்ல இன்ஜின ஓடவிடுங்க, அப்பதான் கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் சுத்தி சூடு எறங்கும். முள்ளு செவப்புக்கே போயி ஆவி வந்துட்டுன்னா இன்ஜின ஆஃப் பண்ணிருங்க, ஆறுததுக்கு முன்ன ரேடியேட்டர் மூடியத் தொறந்துராதீங்க, பிரஷர்ல நிக்கித தண்ணி மூஞ்சில அடிச்சிரும்.