மடிப்பை முதலில் காட்டுங்கள்

போன சனிக்கிழமை இங்கே பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு தீயணைப்பு நிலைய ஹாலில் நடந்த பழைய பேஸ்பால் கார்டு (வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டை) சந்தையில் ஒரு ட்ரேட், அதாவது கார்டுக்குக் கார்டு பரிமாற்றம், முடித்தேன். டாப்ஸ் கம்பெனி 1956ல் அச்சிட்ட என்னுடைய ஹாங்க் ஆரன் கார்டைக் கொடுத்துவிட்டு அதே வருடத்து ராபர்ட்டோ கிளமென்டே கார்டை வாங்கிக்கொண்டேன். ஆரன் நல்ல முனைகளோடு இருந்த கார்டு, கிளமென்டே மடிப்பு விழுந்த கார்டு. கேள்விப்பட்ட நண்பர்கள் இரண்டு பேர் "ஏமாந்துட்டியேப்பா" என்கிறார்கள். இல்லை, நான் ஏமாறவில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும்.

கிளமென்டே யார் என்று தெரியாதவர்களுக்காக. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்கு 18 சீசன் ஆடியவர். பந்தை அடித்து பேஸை எட்டிய 'ஹிட்' சரியாக 3000. 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானத்தில் தானும் ஏறினார். அது கடலில் விழுந்தது. அவருடைய ஜெர்சி எண் 21. இந்த ஊர் மைதானத்தில் வலதுபக்கச் சுவரையே அவர் நினைவாக 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அவருடைய முதல் இரண்டு டாப்ஸ் கார்டுகளில், அதாவது 1955லும் 1956லும், 'ராபர்ட்டோ' என்றே இருக்கும். 1957 முதல் 1969 வரை 'பாப் கிளமென்டே' என்று அச்சிட்டார்கள். அவர் தன்னை ராபர்ட்டோ என்றுதான் சொல்லிக்கொண்டார், அமெரிக்க வாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று மற்றவர்கள் சுருக்கிவிட்டார்கள். ஆபீசில் என் பெயரையும் இப்படித்தான் மூன்று எழுத்தாக வெட்டினார்கள், அதனால் அந்த 1956 கார்டில் முழுப்பெயரைப் பார்க்கும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

சரி, ட்ரேடுக்கு வருகிறேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஆல்பத்தைத் திறந்து, நான் கை வைப்பதற்கு முன்னாலேயே அந்தக் கார்டை உருவி ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். "நேராகப் பார்த்தால் தெரியாது, இப்படிப் பார்" என்றார். மேல் இடது ஓரத்தில் தொடங்கி தோள் வரைக்கும் தலைமுடி போல ஒரு கோடு, சாய்த்தால் மின்னுகிறது, நிமிர்த்தினால் மறைகிறது. பின்னால் திருப்பி, மூன்று கட்டக் கார்ட்டூனில் நடுக்கட்டத்தின் மேல் இருந்த மெழுகுக் கறையையும் விரல்படாமல் காட்டினார். அந்தக் காலத்தில் பபிள்கம்மோடு மெழுகுக் காகிதத்தில் சுற்றி விற்ற கார்டுகள் இவை, கறை சகஜம், ஆனாலும் சொன்னார். அப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா? என் ஆரனில் இடது ஓரத்து வெள்ளை, வலது ஓரத்தில் பாதிதான் இருக்கிறது, நடுவில் அச்சாகவில்லை என்று காட்டினேன். ஆரன் கார்டில் பின்னணியில் சறுக்கி வருபவர் ஆரனே இல்லை, இன்னொரு வீரரான வில்லி மேஸ் என்ற பழைய கதையைச் சொல்லி அவர் சிரித்தார். இருபது நிமிஷம் இருவரும் அவரவர் கார்டின் குறையைத்தான் பேசினோம். ட்ரேட் என்றால் எனக்கு இதுதான்.

இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. மேஜைக்கு வந்ததும் போனை எடுக்கிறார்கள், கடைசியாக ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று பார்க்கிறார்கள், கழித்தல் கணக்கு போட்டு "மேலே நாற்பது டாலர் கொடு" என்கிறார்கள். கார்டை யாரும் பார்ப்பதே இல்லை. விலை பார்ப்பது தப்பென்று சொல்லவில்லை, நானும் பார்ப்பேன், அடியோடு தெரியாமல் போனால் உண்மையிலேயே ஏமாற்றிவிடுவார்கள். ஆனால் விலை மட்டும்தான் பேச்சென்றால் விற்றுக் காசாக்கிவிட்டுப் போகலாமே, ட்ரேட் எதற்கு?

தரம் போட்டு பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும் ஸ்லாப் இருந்தால் கவலை இல்லை என்பார்கள். பழைய கார்டில் பெரிய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: டி206 ஹோனஸ் வாக்னர். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த வரிசை, வாக்னரும் நம்ம பைரட்ஸ் ஆள்தான். அந்த வாக்னர்களில் மிகப் பிரபலமான ஒன்றை 1991ல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. என்ற தரநிர்ணய நிறுவனம் தரம் போட்ட முதல் கார்டே அதுதான், 10க்கு 8. தேய்ந்த ஓரம் புதிதாகத் தெரியட்டும் என்று அதை வெட்டியது தானே என ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013ல் ஒப்புக்கொண்டார். இத்தனை வருடம் பெட்டிக்குள் இருந்தது வெட்டிய கார்டு! அதனால் ஸ்லாப் இருந்தாலும் வாய் திறந்து சொல்லும் மனிதர் எனக்கு வேண்டும்.

சொல்லாதவரிடம் நானும் பட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் தபாலில் ஒரு ட்ரேட், மூன்று நல்ல கார்டு கொடுத்து ஒரு 1954 டாப்ஸ் எர்னி பேங்க்ஸ் வாங்கினேன். முனைகள் கத்தி மாதிரி இருந்தன, சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அதே வருடத்துச் சாதாரண கார்டு ஒன்றின் மேல் அதை வைத்துப் பார்த்தேன் (ஒவ்வொரு வருடத்திலும் ஒரு மலிவுக் கார்டை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஸ்கேலும் இதற்கு ஈடாகாது). கீழிருந்த கார்டு ஒரு நூல் அளவுக்கு வெளியே தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மூன்று ஓரம் பழுப்பு, ஒரு ஓரம் மட்டும் வெள்ளை. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அந்தக் கார்டை நான் யாருக்கும் தள்ளிவிடவில்லை. உறையின் மேல் 'வெட்டியது' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு யார் கைக்குப் போனாலும் தெரியட்டும் என்று.

இந்த உலகத்தில் நான் மதிக்கும் ஆள் ஜெபர்சன் பர்டிக். சிராக்யூஸ்காரர், தொழிற்சாலைத் தொழிலாளி, மூட்டுவாதத்தில் விரல் மடங்கிப்போனவர். டி206 என்ற பெயரே அவர் போட்ட பட்டியலிலிருந்து வந்ததுதான். சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகளையும் காகிதங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, உடம்பு முடியாத நிலையிலும் அங்கே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963ல் அந்த வேலையை முடித்தார், அதே வருடம் இறந்தார். அவர் ஒட்டியதில் பேஸ்பால் மட்டுமே 30,000க்கு மேல். ஒட்டினால் விலை போய்விடுமே என்று இன்று பதறுவார்கள், அவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது.

அந்தப் பெரியவர் நேற்று போன் பண்ணினார். 340 கார்டு உள்ள 1956 வரிசையில் அவருக்கு இன்னும் ஒன்பது பாக்கியாம், பட்டியலை வாசித்தார், எழுதிக்கொண்டேன். ஒரே கார்டு இரண்டாக இருப்பவற்றைப் போட்டு வைக்கும் என் டபுள்ஸ் பெட்டியைக் கிளறியதில் இரண்டு கிடைத்தது. ஒன்றின் பின்பக்கம் எந்தக் காலத்துப் பையனோ பேனாவால் கிறுக்கியிருக்கிறான். அதைச் சொன்னேன். "கொண்டு வா, என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கலாம்" என்றார்.