சிரிக்க வைக்கிற கடதாசிக்கு ஏன் பரிசில்லை?

கடதாசிக் கலை என்றால் நம் பக்கம் இரண்டுதான். பள்ளிக் கண்காட்சிக்கு ரோசாப்பூ, கலியாண வீட்டுக்குத் தோரணம். இரண்டும் வடிவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கடதாசியை வைத்துப் பகிடியும் பண்ணலாம் என்று பிள்ளைகளுக்கு யாரும் காட்டிக்கொடுப்பதில்லை.

போன தவணை மட்டக்களப்பில் ஒரு பள்ளிக் கண்காட்சி. டொய்லட் ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் மட்டைக் குழாயை நசுக்கி என் மருமகன் ஒரு முகம் செய்திருந்தான். வெட்டில்லை, பசையில்லை. நடுவில் கிள்ளி இழுத்த இடம் மூக்கு. அதற்குக் கீழே உள்ளே அமுக்கிய மடிப்பு வாய். இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினால் கொட்டாவி விடும். கூட்டம் முழுக்க அந்த மேசையில்தான், பரிசு ரோசாப்பூவுக்கு. "இது விளையாட்டுச் சாமான் மகன், சித்திரமில்லை" என்றாராம் நடுவர். சித்திரம் பார்த்துச் சிரிக்கக் கூடாதென்று எந்தப் பாடத்திட்டத்தில் போட்டிருக்கிறது?

ஹெய்ட்டியில் பிறந்து பிரான்சில் வாழும் ஜூனியர் ஃப்ரிட்ஸ் ஜாக்கே பெயரெடுத்ததே இந்த மட்டைக் குழாய் முகங்களால்தான். ஒக்கினாவாவில் பிறந்த யூகென் தெருயா இன்னும் குசும்பு பிடித்தவர். சாப்பாட்டுக் கடைப் பேப்பர் பையைப் படுக்கவைத்து, அதன் மேல்பக்கத்தில் மரம் ஒன்றை வெட்டி உள்ளே மடித்து நிறுத்துவார். பையின் வாய்வழியே எட்டிப் பார்த்தால், வெட்டிய ஓட்டையால் வெளிச்சம் விழ, உள்ளே அந்த மரம். மரத்தை அழித்துத்தானே என்னைச் செய்தாய் என்று பை கேட்கிற மாதிரி இருக்கும்.

காசுத்தாள் மடிப்பது தனிக் கூத்து. 2004 முதல் 2024 வரை வெளிவந்த ஜப்பானின் 1000 யென் தாளில் ஹிடெயோ நொகுச்சி என்ற நுண்ணுயிர் ஆய்வாளரின் முகம். அந்தத் தாளை மடித்தே அவருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். முகம் அப்படியே இருக்கும், தாளின் மிச்சமெல்லாம் தலைப்பாகை. மனுசன் மஞ்சள் காய்ச்சலை ஆராயப் போய் அதிலேயே இறந்தவர். இப்படியொரு மரியாதையை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

விளையாட்டு என்று தள்ளுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு தாளை ஏழெட்டுத் தடவைக்கு மேல் பாதி பாதியாக மடிக்க முடியாது என்று வாத்திமார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2002இல் கலிபோர்னியாப் பள்ளி மாணவி பிரிட்னி கேலிவன் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான டொய்லட் பேப்பரை 12 தடவை மடித்தார். எத்தனை மடிப்புக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்ற சூத்திரத்தையும் அவரே கண்டுபிடித்தார். டொய்லட் பேப்பர் என்று மூக்கைப் பொத்தியிருந்தால் அந்தக் கணக்கு வந்திராது.

நமக்கொன்றும் இது அந்நியமில்லை. மாமாங்கத் திருவிழாவில் கச்சான் விற்கும் அக்காவின் கையைப் பாருங்கள். பழைய கொப்பித் தாள், ஒரு சுற்று, அடியில் ஒரு முறுக்கு, சரை தயார். கச்சான் தீர்ந்து விரித்தால் யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாள், குறுக்கே சிவப்புப் பேனாக் கோடு. அதைவிடப் பகிடியான கடதாசிக் கலை எனக்குத் தெரியாது. வைக்கோலில் கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையும் நம் மாவட்டத்தில்தான். கேகாலையில் யானை லத்தியை அவித்து, நாரெடுத்துக் கடதாசி செய்து வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். அம்பாறையில் யானை வயலுக்குள் இறங்கித் தின்றுவிட்டுப் போகிறது, லத்தி சும்மா கிடக்கிறது!

சித்திர ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த கண்காட்சியில் ஒரு மேசையை இந்த மாதிரி வேலைகளுக்கு ஒதுக்குங்கள். புள்ளி போட வேண்டாம். பார்க்க வருகிற பிள்ளைகள் எதைத் தொட்டுச் சிரிக்கிறார்களோ அதற்குப் பரிசைக் கொடுங்கள். ரோசாப்பூவுக்கு வழக்கமான பரிசு இருக்கவே இருக்கிறது.

மருமகன் இப்போது காசுத்தாளில் இறங்கியிருக்கிறான். நம் ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் நிற்கும் நடனக்காரரை இடுப்பில் மடித்துக் குள்ளனாக்கி ஆடவிடுகிறான். நேற்று ஐயாயிரம் ரூபாய்த் தாள் கேட்டான். மறுகா பார்ப்பம், இருபது ரூபாயில் பழகு என்றேன்.